ஒட்டுற வருத்தம்

எட்டு நாட்களாக ஏறாவூரில் ஒருவருக்கும் தோலில் ஒரு படையும் இல்லை. நூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கியாயிற்று. கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் சிரித்த முகமாக, "எங்கட வீட்டுல அப்பிடி ஒண்டும் இல்ல மகள்" என்றார்கள். தேத்தண்ணி தந்தார்கள். நான் கேற்றைத் தாண்டுமுன் கதவை மூடினார்கள். எங்களை அனுப்பிய டொக்டர் அம்மா வந்தாறுமூலைக் கந்தோரில் என் படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யசோதினி, இந்த ஊர் ஆக்களுக்குத் தோலே இல்லையா?" என்று கேட்டார்.

எங்கள் வேலை சொரியாசிஸ் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுவது. வெளிநாட்டுக் கணக்குகள் புத்தகங்களில் இருக்கின்றன. இந்த வாவிக்கரைக்கென்று ஒரு கணக்கு டொக்டரின் கையில் இல்லை. அதனால் ஒவ்வொரு ஏழாவது வீடாக ஏறி, முழங்கை, முழங்கால், காதின் பின்பக்கம், தலை, நகம் என்று பார்க்க வேண்டும். இரத்த உறவில் யாருக்கும் உண்டா, புகைப்பாரா, உடம்பு நிறை எவ்வளவு, அண்மையில் தொண்டை நோ வந்ததா, என்ன மருந்து, குளிசை குடிக்கிறார், மனதில் என்ன கவலை என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் சனம் உண்மை சொல்லும். மற்றதெல்லாம் பொய்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை, ஆற்றங்கரைப் பக்கத்து ஒழுங்கையில், ஏழாவது வீடாக ஆமினா உம்மாவின் வீடு வந்தது. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்து வேம்பின் கீழ் அவருடைய கணவர் உசனார் வீச்சுவலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி வலைக்குள் குனிந்துகொண்டார். அந்த மனிதர் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசுவாரோ என்று நான் நினைத்தேன். பின்னால் விசாரித்ததில் அதுவே அதிகம் என்றார்கள்.

ஆமினா உம்மா குசினி வாசலில் குந்தியிருந்து சாம்பலில் பிரட்டி மணலை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முக்காடு நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தது. நான் வந்த விசயத்தைச் சொன்னதும், கையைக் கழுவிவிட்டு ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார். நான் இருக்கப் போக, "அதுல இரிக்காத, அதுல இரிக்காத! அது மருமகன்ட கதிரை. வேற ஒண்டு தாறன்" என்றார். நான் சட்டென்று எழும்பிவிட்டேன். இரண்டு கிழமை பயிற்சி எடுத்தவள். ஒட்டாது, ஒட்டாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள். என்றாலும் என் உடம்பு எழும்பிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"வீட்டுல எத்தின பேர் உம்மா?"

"நாலு பேர். நான், இவர், மகள் நிஸ்றா, பேத்தி."

கதவு நிலையில் சாய்ந்து நின்ற ஆறு வயதுப் பிள்ளை, "அஞ்சு பேர் உம்மம்மா. வாப்பா?" என்றது.

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம் நின்றது. நிஸ்றா நெய்கிறவள்.

"வாப்பா கடையில தங்குற" என்றார் ஆமினா உம்மா. "ரெண்டு மாசமா அங்கதான்."

அதற்குப் பிறகு அவரை நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அணை உடைந்த மாதிரி வந்தது. மருமகன் ஷிஹான் மெயின் வீதிக் கடையில் கொத்து றொட்டி போடுகிறவர். நல்ல மனிசன், வாய் திறந்து ஒரு சொல் சொல்லாது. இரண்டு வருசத்துக்கு முன் முழங்கையில் காசளவில் ஒரு சிவப்பு வந்தது. மேலே வெள்ளைச் செதிள். அது காலுக்கு வந்து, முதுகுக்கு வந்து, இப்போது கைப்புறத்திலும் வந்துவிட்டது.

"இறால், நண்டு, கத்தரிக்காய், கடி கிளப்புற கிரந்திச் சாமான் ஒண்டையும் நான் அடுப்புல ஏத்துறல்ல. சாப்பிடுற பீங்கான் வேற, பாய் வேற, வாளி வேற. எல்லாத்தையும் வேற வேற எண்டு வெச்சும் பாரு மகள், புள்ளைக்கு ஒட்டிட்டு."

பேத்தி நஸ்ஹாவின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றிலும் முதுகிலும் மழைத்துளி அளவில் சிவப்புச் சிவப்பாக முப்பது நாற்பது. ஒவ்வொன்றிலும் மா தூவின மாதிரி ஒரு வெள்ளை.

"இதுக்கு முன்ன புள்ளைக்குத் தொண்டை நோ வந்ததா?"

"போன மாசம். காய்ச்சலும்தான். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சில பிள்ளைகளுக்கு அப்பிடித்தான் கிளம்பும் உம்மா. ஒட்டி வாறல்ல. ரத்த வழியில இருக்கிறது, தொண்டை நோவோட வெளிய வரும்."

"நீங்க படிச்சாக்கள் அப்பிடித்தான் செல்லுவீங்க" என்றார். "வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு பள்ளிவாசல் ஹலீம் மரைக்கார் வாறார். அவர்ர முன்னால ஒரு முடிவு எடுக்குற. மருமகன் இனி இந்த வாசல் மிதிக்கப்படா. புள்ளயப் பாக்கவும் வரப்படா. அதுக்கு ஒத்துக்கிறல்லெண்டா நிஸ்றா காழியாரிட்ட பிரிவுக்கு விண்ணப்பம் குடுப்பா."

இந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு 'வாசல் மிதிக்கப்படா' என்ற சொல்லின் கனம் தெரியும். இங்கே கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வாழ வருகிறான். வீடு பெண்ணுடையது. அவன் பிறந்த வீடு அவனுடைய ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போய்விட்டிருக்கும். ஷிஹானின் தாய் வீடும் தங்கச்சிக்குப் போய் ஏழு வருசமாகிறது. மனைவி வீட்டு வாசல் அடைபட்டால் அவனுக்கு உலகத்தில் வேறு வாசல் இல்லை.

பெண்களை உள்ளறையில் வைத்துத்தான் பார்ப்போம். நிஸ்றா தறியை விட்டு எழும்பி வந்து கையைக் காட்டினாள், காலைக் காட்டினாள், தலையை அவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை. போகும்போது, "அவரக் கண்டா, நஸ்ஹாக்குக் காய்ச்சல் இல்லையெண்டு செல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசினது. தறி மறுபடி ஓடத் தொடங்கியது. கோபக்காரர் அடிக்கிற மாதிரி அடித்தாள்.

பிறகு ஆமினா உம்மா கையை நீட்டினார். நகமெல்லாம் மருதோன்றிச் சிவப்பு. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். சிவப்பின் அடியில் ஒவ்வொரு நகத்திலும் ஊசி முனையால் குத்தினது போல் குழி குழியாக இருந்தது. இரண்டு நகம் நுனியில் தோலை விட்டுக் கிளம்பியிருந்தது.

"உம்மா, தலையப் பாக்கோணும்."

"தலையில ஒண்டும் இல்ல."

"இல்லையெண்டா இல்லையெண்டு எழுதிட்டுப் போறன். விருப்பமில்லாட்டி வேணாம்."

அவர் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, எனக்கு முதுகு காட்டி இருந்து, முக்காட்டை எடுத்தார். அதற்குள் இன்னொரு துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அதையும் அவிழ்த்தார். காதின் பின்னாலிருந்து பிடரி வரை வெள்ளைப் பொருக்குத் தடிப்பாகப் படர்ந்து, அதன் ஓரமெல்லாம் சிவந்திருந்தது. துணியை உதறவில்லை. உள்பக்கமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எத்தனை வருசப் பழக்கமோ.

"இது பொடுகு" என்றார்.

"எவ்வளவு காலமா இருக்கு?"

"நிஸ்றாவப் பெத்த காலத்துல இரிந்து. முப்பத்திரண்டு வருசம்."

"உம்மா, இதுவும் அதுதான். ஷிஹானுக்கு இருக்கிறதும் இதுவும் ஒண்டு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அடித்திருந்தாலும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார். "பைத்தியமா ஒனக்கு? அது வேற, இது வேற. எனக்குத் தலையில மட்டும்தானே."

"தலையில மட்டும் வாறதும் இருக்கு."

"அப்ப..." என்று தொடங்கினவர் நிறுத்திவிட்டார். தறி அடிக்கும் பக்கம் பார்த்தார். நஸ்ஹாவின் குரல் முற்றத்தில் கேட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நிஸ்றாட வாப்பாக்குத் தெரியா மகள். இரவைக்கும் துணி கட்டித்தான் படுக்குற. முப்பத்திரண்டு வருசம் அவருக்குத் தெரியாம வெச்சிட்டன். இவ்வளவு காலத்துக்குப் பொறகு..."

"அவரிட்டச் சொன்னா என்ன உம்மா?"

"நீ கடதாசியில வாசிச்சாயே, ஒருத்தர்ர விசயத்த இன்னொருத்தருக்குச் செல்லமாட்டம் எண்டு. வாசிச்சுத்தானே கையெழுத்து வாங்கினாய்?"

ஓம், வாசித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் கிளிப்பிள்ளை மாதிரி வாசிக்கிறேன். அது இப்படி என் வாயையே கட்டும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

புதன்கிழமை ஷிஹானைப் பார்க்கப் போனேன். வீட்டில் இல்லாதவரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. கடையின் முன்பக்கத்தில் றொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் வேறு ஒருவர் நின்று, இரண்டு தகட்டாலும் கொத்து அடித்துக்கொண்டிருந்தார். ஷிஹான் பின்பக்கக் கொட்டிலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மூட்டம் போட்ட அடுப்பின் வெக்கையிலும் கைநீட்டுச் சேட்டு, மணிக்கட்டுப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணில் நீர் வடிந்தது வெங்காயத்தால்தான்.

நஸ்ஹாவுக்குக் காய்ச்சல் இல்லை என்று நிஸ்றா சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். சிகரெட் முன்பு நாளைக்கு நாலைந்து, இப்போது அதைவிட அதிகம். தாய்வழி தகப்பன்வழி ஒருவருக்கும் இல்லை. மா பிசைந்து முழங்கையை ஊன்றி ஊன்றி உரசுகிற இடத்தில்தான் முதலில் வந்தது. யாரோ கொடுத்த குளிசை ஒன்று குடித்தாராம். பத்து நாளில் தோல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம்.

"மாறிட்டெண்டு குளிசைய உட்டன். உட்டு ஒரு கிழமையில இரண்டு மடங்கா வந்த. முதலாளி செல்லிட்டார், ஆக்கள் பாக்கிறாங்க, பின்னுக்குப் போ எண்டு."

"வீட்டுல உங்கள ஒதுக்குறது எப்ப தொடங்கின?"

"மச்சான்ட மகன்ட கலியாணத்துலதான். சஹன்ல ஆறு பேர் குந்தினம். நான் பிஸ்மி செல்லிக் கைய வெச்சன். மூணு பேர் எழும்பிட்டாங்க. மாமாவும் இன்னொருத்தரும்தான் என்னோட இரிந்து திண்ட. அந்தக் கதை வீட்டுக்கு வர எவ்வளவு நேரம்? அண்டைக்கே மாமி பாயை வேறயாக்கிட்டா."

ஒரே தட்டில் ஆறு பேர் சாப்பிடுகிற சனத்தில், தட்டை விட்டு எழும்புவது என்றால் முகத்தில் துப்பினது போல. அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்:

"நஸ்ஹாக்கு என்னாலயா?"

"ஒட்டினதில்ல. சத்தியமா ஒட்டினதில்ல."

"என்ட ரத்தத்தால எண்டாலும் என்னாலதானே?"

"உங்கட பக்கத்தால வந்திருக்கலாம். மற்றப் பக்கத்தாலயும் வரலாம். ரெண்டு பக்கத்தாலயும் வரலாம்."

"நிஸ்றாட பக்கம் ஆருக்கு இரிக்கி?" என்று சிரித்தார். "நான் யோசிச்சிட்டன் தங்கச்சி. வெள்ளிக்கிழம மரைக்கார் கேட்டா ஒத்துக்குறன். புள்ளைக்கு நல்லமெண்டா நான் தூரப் போறதுதான் சரி."

வாய் நுனி வரை வந்தது எனக்கு. சொல்லிவிட்டால் இந்த மனிதன் பிழைப்பான். சொல்லிவிட்டால் நாளைக்கு எந்த வீட்டில் எந்தப் பெண் என் முன்னால் தலைத் துணியை அவிழ்ப்பாள்? பைலை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வந்து ஆமினா உம்மாவை மனதுக்குள் நன்றாக ஏசினேன். ஏசி என்ன?

டொக்டர் அம்மா விபரம் கேட்டுவிட்டு, அடுத்த புதன்கிழமைக் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லித் துண்டுக் கடதாசி எழுதித் தந்தார். வீட்டுக்கு ஒரு துண்டு. நான் அதை வியாழக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிற நேரம் பார்த்துத்தான் போனேன்.

முற்றத்தில் நாலு கதிரை போட்டிருந்தது. ஹலீம் மரைக்கார், பள்ளிவாசலில் அவர்களுடைய குடிவழிக்குத் தலைவர், வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக நடுவில் இருந்தார். பக்கத்தில் உசனார், கையில் வழக்கம்போல் வலை. ஷிஹான் வேம்பில் சாய்ந்து நின்றார். இருக்கச் சொல்லி மரைக்கார் கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. நிஸ்றா வாசற்படியில் நஸ்ஹாவை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். பிள்ளை தகப்பனிடம் போகத் துள்ளியது. ஆமினா உம்மா கதவுக்கு அரைவாசி மறைவில் நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

"துண்டு குடுக்க வந்தன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு, இரி மகள்" என்றார் மரைக்கார். "ஆமினா, செல்லு. என்ன ஒங்கட முடிவு?"

ஆமினா உம்மா சொன்னார். செவ்வாய்க்கிழமை சொன்னதையேதான், ஆனால் இன்னும் வேகமாக, இன்னும் உரத்து. பீங்கான் வேறாக்கினது, பாய் வேறாக்கினது, அப்படியும் பிள்ளைக்கு ஒட்டினது. உண்மை தெரிந்த பிறகும் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பயந்த மனிதருக்குத்தான் சத்தம் அதிகம் என்பது அப்போது விளங்கவில்லை.

"ஷிஹான், நீ என்ன செல்றாய்?"

"மாமி செல்றதுக்கு நான் ஒத்துக்குறன்."

"நான் ஒத்துக்கிறல்ல" என்றாள் நிஸ்றா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஆமினா உம்மா, "வாயப் பொத்து. ஒனக்குப் புள்ள வேணுமா, மாப்புள வேணுமா?" என்றார்.

மரைக்கார் கையைத் தூக்கி நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். "மகள், நீ இதப் படிச்ச புள்ள. செல்லு பாப்பம். இது ஒட்டுற வருத்தமா?"

"இல்ல. தொட்டா, ஒண்டா சாப்பிட்டா, ஒண்டாப் படுத்தா ஒட்டாது."

"அப்ப புள்ளைக்கு எப்பிடி வந்த?"

"பரம்பரையா வரலாம். போன மாசத் தொண்டை நோ அதைக் கிளப்பி விட்டிருக்கும்."

"ஷிஹான்ட குடும்பத்த எனக்கு மூணு தலைமுறை தெரியும். அங்க ஒருத்தருக்கும் இல்ல. அப்ப பரம்பரை எண்டு எந்தப் பரம்பரையைச் செல்றாய்?"

அந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது என்றுதான் வழி முழுக்க வேண்டிக்கொண்டு வந்திருந்தேன். கேட்க வேண்டும் என்றும் வேண்டியிருந்தேன். கதவு மறைவிலிருந்து இரண்டு கண் என்னையே பார்த்தன. மருதோன்றி வைத்த விரல்கள் நிலையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"அத நான் சொல்ல ஏலாது" என்றேன்.

"ஏன் ஏலா? தெரியாதா, செல்லப்படாதா?"

நான் துண்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மரைக்கார் காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி. அப்ப ஷிஹானும் ஒத்துக்கிட்டபடியா..." என்று எழும்பப் பார்த்தார்.

"இரிங்க மரைக்கார்."

உசனார்தான். வலையை மடியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்தார்.

"சுபஹுத் தொழுகைக்கு நான் வெள்ளண எழும்புற" என்றார். மெதுவாக, சொல் தேடித் தேடிப் பேசினார். "எழும்பி, தலகணிய எடுத்து, கிணத்தடிக்குக் கொண்டுபோய்த் தட்டிட்டுத்தான் பள்ளிக்குப் போற. மா கொட்டினாப்போல கொட்டும். முப்பத்திரண்டு வருசமாத் தட்டுறன்." மனைவியின் பக்கம் அவர் திரும்பவில்லை. தன்னுடைய இரண்டு கையையும் மரைக்காருக்கு முன்னால் விரித்துக் காட்டினார், பிறகு திருப்பிக் காட்டினார். "ஒரு பாய். ஒரு தலகணிக்கூடு. ஒரு பீங்கான்ல திண்டிரிக்கம். எனக்கு எங்க ஒட்டின?"

நஸ்ஹா துள்ளுவதை நிறுத்திவிட்டது.

கதவு மறைவிலிருந்து ஆமினா உம்மாவின் குரல் வந்தது. அது கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா?"

"ஏன் செல்லல்ல?"

"நீ மறைச்சாய்" என்றார் உசனார். "ஒனக்கு வெக்கமாக்கும் எண்டு நானும் பேசாம இரிந்தன்."

ஆமினா உம்மா உள்ளே போனார். அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மரைக்கார் தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார். "இதுல தீர்ப்புச் செல்ல நான் ஆரு" என்று முணுமுணுத்துவிட்டு, ஷிஹானின் தோளில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு ஸலாம் சொல்லிப் போய்விட்டார். நானும் போயிருக்கலாம். துண்டு இன்னும் என் கையில் இருந்தது.

பிள்ளை இப்போது மடியிலிருந்து வழுகி ஓடித் தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டது. ஷிஹான் தூக்கவில்லை. கையை மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார், தொட்டால் சுடும் என்பது போல. "தூக்குங்களன்" என்று நிஸ்றா அழுதுகொண்டே அதட்டினாள். "வாப்பா செல்லிட்டாரே, தூக்குங்களன்!" அவர் குனிந்து தூக்கினார். பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

எவ்வளவு நேரம் சென்றதோ, ஆமினா உம்மா வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தது. முக்காடு சரியாக இருந்தது. மருமகனை அவர் பார்க்கவில்லை. கணவனையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"அந்தத் துண்டுல ஒரு பேர்தான் எழுதலாமா?"

"வீட்டுல உள்ள எத்தின பேரையும் எழுதலாம் உம்மா."

"நஸ்ஹாக்குக் கீழ மருமகன்ட பேர எழுது."

எழுதினேன்.

"மறுகா என்ட பேரையும் எழுது."

எழுதினேன். என் எழுத்துக் கோணியது. உசனார் வலையை எடுத்து உதறியபடி, "புதன்கிழம காலையில போகோணுமெண்டா இப்பவே ஆள் செல்லி வைக்கோணும். எத்தின ஓட்டோ செல்ல?" என்று பொதுவாகக் கேட்டார்.

ஷிஹான் பிள்ளையோடு திரும்பி, "நான் பஸ்ஸுல வாறன் மாமா. அவங்க ஓட்டோல போகட்டும்" என்றார்.

"மூணு பேருக்கு எதுக்கு பஸ்ஸும் ஓட்டோவும்?" என்றார் ஆமினா உம்மா. "ஒரு ஓட்டோ போதும். நெருங்கி இரிந்து போவம்."